மனநல ஆணையத்தில் காலனிக்கு ஓர் இருக்கை எங்கே?

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே மலையிலிருந்து இறங்கிய ஆடுகளும் வியாபாரிகளின் வேன்களும் சேர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில் சில வாரங்களுக்கு முன் ஓர் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். காலனிக்காரர். ஒரு வெள்ளாட்டுக் குட்டியைக் கயிற்றில் கட்டிப் பிடித்திருந்தார். மகனுக்கு மாத ஊசி போடும் நாள் நெருங்கிவிட்டது. ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அடுக்கம்பாறைக்கு இன்னொரு பஸ், அன்றைக்குப் போகும் இரண்டு பேர் கூலி, வழியில் மகன் கேட்கும் பரோட்டா. குட்டியை விற்றால்தான் கணக்கு நேராகும்.

அவர் என்னை நிறுத்தியது அதற்காக அல்ல. "தம்பி, அன்னிக்குக் கூட்டத்துல சொன்னியே, மெட்ராஸ்ல மனசு கொழம்பினவங்களுக்குன்னு ஒரு ஆபீஸ் கீது, அதுல எங்கள மாதிரி பெத்தவங்களுக்கும் நாற்காலி போட்டுக்கீறாங்கன்னு. அதுல இப்ப யாரு ஒக்காந்துகினு கீறாங்க?"

ஆடு வாங்க வந்தவர் குறுக்கே வந்து விலை கேட்டதில் பேச்சு அறுந்துபோனது. அந்தக் கேள்விக்கு உரிய பதிலை இந்தப் பத்தியில் எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

அக்கா சொன்ன 'ஆபீஸ்' மாநில மனநல ஆணையம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மனநல ஆணையம் அமைக்க வேண்டும் என்கிறது அதன் 45ஆம் பிரிவு. மாநிலத்தில் மனநலம் பார்க்கும் மருத்துவமனைகளையும் இல்லங்களையும் பதிவு செய்வது, அவற்றின் தரத்தை வகுப்பது, குறைகள் பற்றிய புகாரைக் கேட்பது, மருத்துவ உளவியலாளர், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரைப் பதிவு செய்வது, காவல்துறையினருக்குப் பயிற்சி தருவது எல்லாம் அதன் வேலை. சுருக்கமாக, தமிழ்நாட்டில் மனநலம் என்ற துறைக்கு அதுதான் உச்சி.

அந்த உச்சியில் யார் உட்காரலாம் என்பதை 46ஆம் பிரிவு சொல்கிறது. தலைவர், சுகாதாரத் துறைச் செயலாளர். அவருக்குக் கீழே துறை அதிகாரிகள். பிறகு மனநல மருத்துவமனையின் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறையின் தலைவர் ஒருவர், அரசுப் பணியில் இல்லாத மனநல மருத்துவர் ஒருவர், 15 ஆண்டு அனுபவமுள்ள சமூகப் பணியாளர், உளவியலாளர், செவிலியர். இவர்களுக்கெல்லாம் பிறகு, பட்டியலின் கடைசியில், ஆறு இடங்கள். மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்து மீண்டவர்களின் சார்பில் இருவர். அவர்களைப் பராமரிப்பவர்களின் சார்பில் இருவர். இவர்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களின் சார்பில் இருவர். பதவிக்காலம் 3 ஆண்டு. ஆணையம் ஆண்டுக்கு 4 முறையாவது கூட வேண்டும்.

அக்காவின் மகன் முதல் இரண்டு இடங்களில் ஒன்றுக்குத் தகுதியானவர். அக்கா அடுத்த இரண்டில் ஒன்றுக்கு. சட்டம் படிப்போ பட்டமோ ஆங்கிலமோ அவர்களிடம் கேட்கவில்லை. ஆட்டுச் சந்தையில் குட்டி விற்கும் ஒரு தாய், சுகாதாரத் துறைச் செயலாளர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒடுகத்தூரில் ஏன் ஊசி போடக்கூடாது என்று கேட்கச் சட்டப்படி தடை ஏதுமில்லை.

ஆனால் சட்டம் ஒன்றை விட்டுவிட்டது. அதைத்தான் இந்தப் பத்தியின் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மனநலச் சட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 2016 டிசம்பரில், இதே நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 66ஆம் பிரிவின்படி அமையும் மாநில ஆலோசனை வாரியத்தில், அமைப்புகளின் சார்பில் 10 பேரை அரசு நியமிக்கும். அந்தப் பத்துப் பேரில் குறைந்தது 5 பேர் பெண்களாக இருக்க வேண்டும், பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. மனநலச் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ஆறு இடத்தில் ஒன்றுகூடப் பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ பெண்ணுக்கோ என்று ஒதுக்கப்படவில்லை. ஒரே அரசு, ஒரே நாடாளுமன்றம், நான்கு மாதங்களுக்கும் குறைவான இடைவெளி. கண் தெரியாதவருக்கும் கால் இல்லாதவருக்கும் சாதி உண்டு என்று தெரிந்த அரசுக்கு, மனம் கலங்கியவருக்கு மட்டும் சாதி இல்லை என்று தோன்றிவிட்டதா?

இத்தனைக்கும் அதே மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சாதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மனநல சிகிச்சை பெறும் உரிமையில் பாலினம், மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், அரசியல் நம்பிக்கை என எதன் அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. ஆக, ஆஸ்பத்திரி வாசலில் சாதி உண்டு என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். ஆணையத்தின் கூட்ட அறையில் உண்டு என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

நியமன உறுப்பினர் என்பது நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்ட மேலவைக்கு நியமனத்தின் வழியாகத்தான் போனார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அவரும் அம்பேத்கரும் சென்றதும் அழைக்கப்பட்ட பிரதிநிதிகளாகத்தான். கொடுத்த நாற்காலி சிறியது என்று அவர்கள் திரும்பி வந்துவிடவில்லை. உட்கார்ந்து, பேசி, பேசியதை எழுத்தில் பதியவைத்தார்கள். அரசியலில் அந்தப் பாடத்தைப் படித்த நாம், சுகாதாரம், மனநலம், மாற்றுத்திறனாளிகள் என்று வரும் ஆணையங்களையும் வாரியங்களையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாட்கோ தலைவர் யார் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். மனநல ஆணையத்தில் பராமரிப்பாளர் பிரதிநிதி யார் என்று கேட்டால் தெரியாது. அந்தப் பெயர்களை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை. ஒட்டச் சொல்லி நாம் கேட்டதும் இல்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதை வெளியே சொல்லிவிடுவது நல்லது.

மனநலம் என்ற சொல்லே நம் இயக்கங்களுக்கு எரிச்சல் தரும் சொல். ஏனென்றால் பெரும்பாலும் அதைக் குற்றம்சாட்டப்பட்டவர்களின் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறோம். 2016 ஜனவரி 17 ஐதராபாத்தில் ரோகித் வெமுலா. 2017 மார்ச் 13 டெல்லியில் நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். அதே ஆண்டு செப்டம்பர் 1 அரியலூர் மாவட்டம் குழுமூரில் அனிதா. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தாட்வி. இப்படி ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் 'மன அழுத்தம்', 'தனிப்பட்ட பிரச்சினை' என்று சொல்லிச் சாதியின் மீது போர்வை போர்த்தும் குரல் ஒன்று எங்கிருந்தாவது எழும். அதனால் மனநலம் என்று யாராவது ஆரம்பித்தாலே, கொன்றவனைத் தப்பவிடப் பார்க்கிறான் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அதன் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். சாதிதான் அந்த மனத்தை உடைத்தது என்று சொல்கிற நாமே, உடைந்த மனத்துக்கு யார் மருந்து தருகிறார்கள், எங்கே தருகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டோம். அந்தத் துறையை முழுவதுமாக அடுத்தவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.

(இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அரசு நடத்துவது.)

இன்னொரு காரணம் வெட்கம். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவருக்கு இரவில் தூக்கம் போனது. யாரோ பேசுகிறார்கள் என்று தனக்குத்தானே பதில் சொல்ல ஆரம்பித்தார். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஆடு அறுத்தார்கள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தில் மாட்டுச் சங்கிலியால் கட்டினார்கள். நான்தான் தட்டில் சோறு கொண்டுபோய் வைப்பேன். உறவினர்கள் கேட்டால் 'பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டான்' என்று சொல்லச் சொல்லி அம்மா பழக்கியிருந்தார். பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவின் குரல் பின்கட்டிலிருந்து கேட்கும். அத்தைக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்தப் பொய் தேவைப்பட்டது. அவருக்கு இருந்தது மருந்து உள்ள நோய் என்று நான் தெரிந்துகொண்டபோது அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஆகவே 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீ விபத்து என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பூவரச மரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநல இல்லங்களுக்கு உரிமம், ஆய்வு, கணக்கெடுப்பு என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்ததில் அந்த 28 பேருக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. அந்த வரி தமிழ்நாட்டின் சாம்பலில் இருந்து வந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆறு நாற்காலிகளும் சும்மா வந்துவிடவில்லை. எங்களைப் பற்றிய முடிவு எங்களை விட்டுவிட்டு வேண்டாம் என்பது உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் எழுப்பிய முழக்கம். 2006இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா அதை ஏற்றது. அதற்கேற்பச் சட்டங்களை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. 1987ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டம் போய்ப் புதியது வந்தது அப்படித்தான்.

குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் மனநோயைப் பார்க்க முடியும் என்பதற்குச் சான்று தேடி நாம் ஜெனீவா வரை போகவும் வேண்டாம். நம் வேலூர் பாகாயத்தில் 1957இல் சி.எம்.சி.யின் மனநல மையத்தை டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். நோயாளியை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தை வெளியே நிறுத்துவது உலகமெங்கும் வழக்கமாக இருந்த காலம் அது. குடும்பத்தை வார்டுக்குள் விட்டது பாகாயம். அறுபது ஆண்டுக்குப் பிறகு, குடும்பத்தை ஆணையத்துக்குள் விட்டது சட்டம். ஒடுகத்தூர் காலனி இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

நிற்பதற்கு முக்கியக் காரணம் தொலைவு. ஜவ்வாது மலை ஒரே மலை. ஆனால் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்கள் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. நம் பக்கம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகள், அல்லேரி மலை. 2023 மே மாதம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை, சாலை இல்லாததால் உரிய நேரத்தில் கொண்டுசெல்ல முடியவில்லை. பிறகு அந்தக் குழந்தையின் உடலோடு தாய் மலைப் பாதையில் நடந்ததை நாடே பார்த்தது. பாம்புக்கடிக்கே அந்த நிலை என்றால், மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டிய மனநோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டுக்கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அவர்களில் பலர் இந்த மலையையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். இழப்பீடு, வழக்கு, விசாரணை எல்லாம் பேசினோம். அந்த வீடுகளில் அதற்குப் பிறகு இரவில் எத்தனை பெண்கள் தூங்கினார்கள் என்று எந்த அலுவலகம் கேட்டது? நாமும் கேட்கவில்லை.

சட்டத்தின் 18ஆம் பிரிவை மறுபடியும் பாருங்கள். அரசு நடத்தும் மனநல சேவை குறைந்தபட்சம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். வீடற்றவர்களுக்கும் அப்படியே. 'மாவட்டத்தில்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஒடுகத்தூர் விழுந்து கிடக்கிறது. மாவட்டத் தலைநகரில் சேவை இருந்தால் சட்டம் நிறைவேறிவிட்டது. மலையிலிருந்து இறங்கி, ஒடுகத்தூர் வந்து, அணைக்கட்டு வழியாக வேலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறுகிறவருக்கு அது நிறைவேறியதா என்பதை அந்த மேசையில் யார் சொல்வது? தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில் பெரும்பகுதி, நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 பேருக்கு மேல், சிகிச்சையே பெறவில்லை என்றது. எழுபது என்பது அறிக்கையில் ஓர் எண். ஒடுகத்தூரில் அது சந்தையில் விற்கப்படும் குட்டி.

மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது. அதற்குக் கீழே, நமக்கு இன்னும் அருகில் வரக்கூடிய அமைப்பு ஒன்று உண்டு: மனநல சீராய்வு மன்றம். ஒரு மாவட்டத்துக்கோ பல மாவட்டங்களைச் சேர்த்தோ அமைக்கலாம். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மருத்துவர்கள் இருவர். மீதி இருவர் மனநோயைக் கடந்தவர்களாகவோ, பராமரிப்பாளராகவோ, இந்தத் துறையில் பணிபுரியும் அமைப்பினராகவோ இருக்க வேண்டும். சம்மதமின்றி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள், விடுவிக்க மறுக்கிறார்கள் என்ற புகாரெல்லாம் இங்கேதான் போகும். இது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். சாதி மாறிக் காதலித்த பெண்ணைப் 'புத்தி பேதலிச்சிடுச்சு' என்று சொல்லி மாத்திரை கொடுத்து வீட்டில் அடைத்துவைப்பது நம் மாவட்டங்களில் புதிதல்ல. ஒரு சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்று 3ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆணவக் குற்றங்களுக்கு எதிராகப் போராடும் நம் வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். சீராய்வு மன்றத்தில் சாதி என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும்.

சரி, எப்படி உள்ளே போவது? நியமிப்பது மாநில அரசு. தனி ஆளாக ஒரு தாய் எழுதும் மனு எந்தக் கோப்பில் சேரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே முதலில் ஒரு சங்கம் வேண்டும். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஏழு குடும்பம். ஒடுகத்தூரைச் சுற்றி மனநோயாளி உள்ள ஏழு குடும்பம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர் வீட்டுப் பின்கட்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அதோடு ஒரு வேலை, மாற்றுத்திறனாளி சான்றிதழ். மனநோயும் 2016 சட்டத்தில் ஓர் ஊனம்தான், 40 விழுக்காடு இருந்தால் சலுகைக்கும் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. இது பலருக்குத் தெரியாது. மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சில அலுவலக மேசைகளிலும் அந்தக் குழப்பம் உண்டு, 'நேஷனல் டிரஸ்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு உரியது, மனநோய் அதில் வராது. சான்றிதழ் கையில் இருந்தால், மேலே சொன்ன மாநில ஆலோசனை வாரியத்தின் பட்டியல் சாதி இடத்துக்கும் பழங்குடி இடத்துக்கும்கூட நம்மவர் போட்டியிடலாம். ஒரு கதவு மூடியிருந்தால் பக்கத்துக் கதவு.

உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்து ஓட்டல் மண்டபத்தில் மனநலம் பற்றிய கலந்தாய்வு ஒன்றுக்குக் காலனியிலிருந்து இரண்டு தாய்மார்களை அழைத்துப்போனேன். முதல் அரை மணி நேரம் 'அனுபவப் பகிர்வு'. ஒருவர் பேசும்போது அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நிஜமான கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கியது, இவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏ.சி. குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டார்கள். இங்கே நாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். சாப்பாட்டு வரிசையில் அதே ஆள் எங்களிடம் 'ஒடுகத்தூர்ல எந்தத் தெரு?' என்று கேட்டார். திரும்பும் பஸ்ஸில் ஓர் அம்மா சொன்னார்: "அழுதது தப்பு தம்பி. அழுவாம இருந்திருந்தா கேள்வி கேட்டிருக்கலாம்."

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அழுகையைக் கேட்கத் தயாராக இருக்கும் கூட்டங்கள் நிறைய. கேள்வியைக் கேட்கத் தயாராக இருப்பவை குறைவு. அதனால் போகிறவர் தயாராகப் போக வேண்டும். நிகழ்ச்சி நிரலைத் தமிழில், முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். பயணப்படி எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும், ஆட்டை விற்றுக்கொண்டு ஆணையத்துக்குப் போக முடியாது. பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் ஏற்றச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகக்கூடாது. பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது, திரும்பி வந்து அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் அந்த ஆள் பிரதிநிதி. இல்லாவிட்டால் விருந்தாளி.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மனநோயைக் கடந்தவர்கள் தாங்களே நடத்தும் விமியாக் என்ற உச்ச அமைப்பு 1981 முதல் இருக்கிறது. அங்கேயே, அந்த மண்ணின் ஆதிக்குடிகள் தங்கள் சமூகம் நடத்தும் சுகாதார அமைப்புகளை ஒன்றுசேர்த்து 1996இல் வாச்சோ என்ற தனி உச்ச அமைப்பை உருவாக்கினார்கள். மற்றவர்களின் சபையில் தங்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் சபையைக் கட்டி, அதன் பிரதிநிதியாகப் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பராமரிப்பாளர் அமைப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை அவை சென்னையைச் சுற்றிய, படித்த குடும்பங்களின் அமைப்புகளே. அவர்கள் செய்வது நல்ல வேலை, அதைக் குறை சொல்லவில்லை. நம் ஊசிக்கும் பஸ்ஸுக்கும் அவர்கள் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயமில்லை.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டுதான். 2016 சட்டத்தில் இருப்பதுபோல் மனநலச் சட்டத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி, பெண்களுக்கான இடத்தை எழுத வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை, காலம் ஆகும், நம் எம்.பி.க்கள் தனிநபர் மசோதாவாவது கொண்டுவரலாம். அதுவரை, நியமிக்கும் அதிகாரம் கையில் இருக்கும் மாநில அரசு, ஆறு பேரில் அவர்களைச் சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்வதற்கு இதைவிடச் செலவில்லாத வாய்ப்பு கிடைக்காது.

இனி ஒடுகத்தூருக்குத் திரும்புகிறேன். சங்கத்துக்கு இதுவரை ஆறு கையெழுத்து ஆகியிருக்கிறது. காலனியில் நான்கு குடும்பம், மலையில் இரண்டு. ஏழாவது, ஊர்த்தெருவைச் சேர்ந்த ஓர் அம்மா. மகளுக்குப் பத்து ஆண்டாக நோய். அடுக்கம்பாறையில் ஊசி வரிசையில் அக்காவுக்குப் பழக்கமானவர். கையெழுத்துப் போடச் சம்மதம், ஆனால் கூட்டம் காலனி சமுதாயக்கூடத்தில் என்றால் வர முடியாது, வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லியனுப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. காலனிக்கு வராத கையெழுத்து நமக்கு எதற்கு, எட்டாவது குடும்பத்தைத் தேடுவோம் என்றேன். இளைஞர்கள் இருவரும் அதையே சொன்னார்கள். அக்கா மட்டும் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ பொண்ணுக்கும் எம் மவனுக்கும் ஒரே ஊசி தம்பி. ஊசி வரலன்னா ரெண்டு பேரும் ஒரே பெஞ்சிலதான் ஒக்காந்துகினு இருக்கோம்" என்றார். அதற்காக ஊர்த்தெருவுக்குப் போய்க் கூட்டம் போடவும் அவர் தயாராக இல்லை. சங்கத்தின் பதிவு முகவரி காலனியில்தான் இருக்கும், தலைவர் காலனிக்காரர்தான், இந்த இரண்டிலும் பேச்சே கிடையாது என்று சொல்லியனுப்பினார். கூட்டம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அப்படி ஓர் இடம் ஒடுகத்தூரில் எது என்று யோசித்ததில் மிஞ்சியது ஆட்டுச் சந்தை. வரும் வெள்ளிக்கிழமை, சந்தை கலைந்த பிறகு, பதினோரு மணிக்கு. மலைக்காரர்கள் இருவரும் எப்படியும் ஆட்டோடு இறங்குவார்கள். விண்ணப்பத்தை நான் கொண்டுபோகிறேன். ஊர்த்தெரு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.